பில்ட்-இன் ஓவன்: கேஸா, கரண்டா?

கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். முகப்பில் ஸ்டீல், ஒரு கண்ணாடிக் கதவு, சூட்டைக் கூட்டிக் குறைக்க இரண்டோ மூன்றோ திருகு. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எது செலவு கம்மி?" உதவாத கேள்வி அது. ஏன் என்று கணக்கோடு கீழே சொல்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அடுப்பங்கரைக்கு வரும் வயர் என்ன தடிமன், மேடைக்குக் கீழே கடப்பாக் கல் எத்தனை அங்குல இடைவெளியில் நிற்கிறது, கேஸ் எரிந்தால் புகையும் சூடும் எந்த வழியாக வெளியே போகும். வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பழைய வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே முடிவு சொல்லிவிடும். நமக்குப் பிடித்தது எது என்பது அதற்கு அப்புறம்தான்.

பில்ட்-இன் என்றால் மேடைக்குக் கீழேயோ உயரமான அலமாரிக்குள்ளேயோ பொருத்தி, ஸ்குரூ போட்டு நிறுத்துகிற ஓவன். மேஜைமேல் வைக்கும் ஓடிஜி வேறு, மைக்ரோவேவ் வேறு. பில்ட்-இன் ஓவனின் முகப்பு ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். உள்ளே 55 முதல் 75 லிட்டர் வரை இடம். காலியாக இருக்கும்போதே 30 கிலோவுக்கு மேல் எடை வரும். (தமிழில் "அவன்" என்று எழுதினால் யாரவன் என்று கேட்பார்கள். அதனால் "ஓவன்".)

உள்ளே என்ன நடக்கிறது

கரண்ட் ஓவனில் மூன்று இடத்தில் காயில், அதாவது சூடேறும் கம்பி, இருக்கும். அடித்தட்டுக்குக் கீழே மறைவாக ஒன்று, கூரையில் ஒன்று. கூரையில் இருப்பதற்குள்ளேயே, மேலிருந்து நேராகச் சுட்டுச் சிவக்கவைக்கும் கிரில்லுக்கான காயிலும் இருக்கும். மூன்றாவது, பின்சுவரில் ஃபேனைச் சுற்றி வட்டமாக ஓடும். இந்த வட்டக் காயில் எல்லா மாடலிலும் கிடையாது. ஃபேன் மட்டும் இருந்து காயில் இல்லையென்றால், அது மேல்-கீழ் சூட்டைக் கலக்கிவிடும் வேலையை மட்டும் செய்யும். வட்டக் காயில் இருந்தால் ஃபேனே சூடான காற்றை ஊதும், இரண்டு மூன்று தட்டுகளை ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஒரே நிறத்தில் எடுக்கலாம். நான்கட்டாய், பட்டர் பிஸ்கட் மாதிரி தட்டுத் தட்டாகப் போடுகிறவர்கள் விலைப்பட்டியலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஃபேன் ஓடும்போது குறிப்பில் சொன்ன சூட்டில் 20 டிகிரி குறைத்து வையுங்கள். 180 என்றிருந்தால் 160. குறைக்காமல் விட்டால் மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடும், நடுவில் மாவு பொங்க இடமில்லாமல் கேக் வெடிக்கும்.

கேஸ் ஓவனில் அடித்தட்டுக்குக் கீழே ஒரு பர்னர். தட்டின் ஓரங்களில் இருக்கும் இடுக்குகள் வழியாகச் சூடு மேலேறி, கூரையைத் தொட்டு, பின்பக்க வழியாக வெளியேறும். பர்னர் நுனிக்கு அருகில் விரல் நீளக் கம்பி ஒன்று நிற்கும். அதுதான் தெர்மோகப்புள். தீ அதைச் சுட்டுக்கொண்டிருக்கும்வரை வால்வு திறந்திருக்கும். தீ அணைந்தால் கம்பி ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். திருகை அமுக்கி 10, 15 விநாடி பிடித்திருக்கச் சொல்வதும் இந்தக் கம்பி சூடேறத்தான். "கையை எடுத்தா அணைஞ்சிடுது" என்பதுதான் கேஸ் ஓவனில் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் அந்தக் கம்பியின் நுனியில் கரி படிந்திருக்கும், அல்லது யாரோ துடைக்கும்போது தீயிலிருந்து விலகி வளைந்திருக்கும்.

பற்றவைக்கும்போது கதவைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பற்றாமல் போன கேஸ் ஓவனின் அடியில் தேங்கி நிற்கும். உடனே மறுபடி லைட்டரைத் தட்டினால் குபீரென்று முகத்துக்கு வரும், புருவம் பொசுங்கும். முதல்முறை பற்றவில்லையென்றால் திருகை மூடி, கதவைத் திறந்தபடியே ஒரு நிமிடமாவது விட்டுவிட்டு அடுத்த முறை.

கேஸ் ஓவனில் இன்னொன்றும் நடக்கிறது. எல்பிஜி எரியும்போது தண்ணீர் ஆவி உண்டாகும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். ஒரு மணி நேரம் கேக் வேகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகி ஓவனுக்குள் சுற்றி வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் பன்னும் ரொட்டியும் காயாமல் நன்றாகப் பொங்கும், கோழி உலராது. ஆனால் மொறுமொறுப்பு வேண்டிய பிஸ்கட், மேரங், பஃப்ஸ் எல்லாம் சற்று நமத்தாற்போல வரும். பேக்கரி பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக உதிர வேண்டுமென்றால் கரண்ட் ஓவன்தான் சுலபம்.

இன்னொரு வித்தியாசம் குறைந்தபட்ச சூடு. பர்னரை எவ்வளவு சிறியதாக்கினாலும் ஓவன் 140, 150 டிகிரிக்குக் கீழே இறங்காது. கரண்ட் ஓவன் 50 டிகிரியிலும் நிற்கும். பெரம்பூர், ராயபுரம் வீடுகளில் டிசம்பரில் போடும் பழக் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலத் தகரத்தில் மாவு நிறைய, 150 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் பொறுமையாக வேக வேண்டிய கேக் அது. கேஸ் ஓவன் தன் குறைந்தபட்ச சூட்டைத் தாண்டி 165, 170க்குப் போய்விட்டால் திராட்சை கருகிக் கசக்கும், மேலே விரிசல் விடும், நடு ஈரமாக நிற்கும். கேஸ்தான் என்று முடிவானால், கீழ் அடுக்கில் வெறும் தட்டு ஒன்றை வைத்துச் சூட்டை மறித்து, கேக்கை நடு அடுக்கில் வையுங்கள். அடித்தட்டின் இடுக்குகளை அலுமினிய ஃபாயில் போட்டு மூடாதீர்கள். மூடினால் காற்றுப் போக வழியின்றி தீ மஞ்சளாகும், கரி கக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும்.

கேஸ் ஓவனில் கேக்கின் அடி கருகி மேலே வெளிறி வருவதும் சகஜம். சூடு கீழிருந்து வருவதுதான் காரணம். மெல்லிய கருப்புத் தகரத்தை விடக் கனமான அலுமினியத் தட்டு நல்லது. மேல் நிறத்துக்குக் கடைசி மூன்று நான்கு நிமிடம் கிரில்லைப் போடலாம். பல கேஸ் மாடல்களில் பர்னரும் கிரில்லும் ஒரே நேரத்தில் எரியாது. ஒன்றை மூடித்தான் மற்றதைத் திறக்க முடியும். கிரில் மட்டும் கரண்டில் ஓடும் கேஸ் ஓவன்களும் உண்டு. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வாரம் ஒருமுறை சுட்டுச் சாப்பிடுகிற வீட்டுக்குக் கிரில்தான் ஓவனே. அப்படிப்பட்ட வீடு கேஸ் கிரில்லை நம்பக்கூடாது என்பது எங்கள் கட்சி. கரண்ட் கிரில்லின் சிவந்த கம்பி மீன்தோலைப் பொரித்தாற்போல இறுக்கிவிடும். மீன் சுட்டபின் 200 டிகிரியில் கால்மணி நேரம் வெறுமனே ஓடவிட்டால் அடுத்த நாள் கேக்கில் கவிச்சி அடிக்காது.

செலவு

60 லிட்டர் கரண்ட் ஓவன் 180 டிகிரிக்குச் சூடேறி, ஒரு மணி நேரம் நின்றால் ஏறக்குறைய 1 யூனிட். அதே வேலைக்குக் கேஸ் ஓவன் 120 முதல் 150 கிராம் எல்பிஜி எடுக்கும். சிலிண்டர் விலையை 14.2 ஆல் வகுத்தால் ஒரு கிலோவின் விலை. 900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 63 ரூபாய்ச் சொச்சம், 130 கிராம் எட்டு ரூபாய்ச் சொச்சம். கரண்டில் நீங்கள் எந்த ஸ்லாபில் இருக்கிறீர்களோ அந்த யூனிட் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு டீக்குக்கூட வராது. அடுப்பில் கேஸ் மலிவாகத் தெரிவது தீ நேரே பாத்திரத்தைச் சுடுவதால். ஓவனில் சூட்டில் கணிசமான பங்கு பின்பக்க வழியாகப் போய்விடுகிறது, அந்த மலிவும் கூடவே போய்விடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கரண்ட் உறைக்கும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே குறைந்த விலையில் இருந்த யூனிட்டிலும் ஒரு பகுதி மேல் விலைக்குப் போய்விடும். கோடையில் ஏசியோடு 495இல் நிற்கிற வீடு என்றால், வாரம் ஒரு கேக் போட்டாலும் அந்த எட்டு ஒன்பது யூனிட் கோட்டைத் தாண்ட வைக்கலாம். வாடகை வீட்டில் சப்-மீட்டர் போட்டு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிறார் என்றால் இந்தக் கணக்கே கிடையாது, அவர் சொல்வதுதான் விலை. கேக் விற்கிறவர்களுக்கு வேறு சட்டம். வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ மாதிரியான வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

வயரைப் பார்க்காமல் கரண்ட் ஓவன் வாங்காதீர்கள்

3,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கும் மொபைல் சார்ஜருக்கும் போட்ட சின்ன பிளக் 6 ஆம்பியர். பெரிய மூன்று முள் பிளக் 16 ஆம்பியர். பெரிய பிளக் பாயின்ட் சுவரில் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதன் பின்னால் வரும் வயர்தான் கேள்வி. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல பழைய வீடுகளில் கிரைண்டருக்காக இழுத்த 1.5 சதுர மில்லி வயர் வரும். அதே வயர் பிரிட்ஜுக்கும் போய்க்கொண்டிருக்கும். மிகப் பழைய வீட்டில் செம்புக்குப் பதில் அலுமினியமே கிடக்கும். பத்து நிமிடம் தாங்குவது வேறு, இரண்டு மணி நேரம் கேக் வேகும்வரை தாங்குவது வேறு. வயரின் உறை முதலில் இளகும், பிறகு பிளக் முள்ளைச் சுற்றிப் பழுப்பாகும், அப்புறம் மீன் கெட்டாற்போல ஒரு பிளாஸ்டிக் நெடி. அந்த நெடி வந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

சரியான ஏற்பாடு இது: மெயின் பெட்டியிலிருந்து ஓவனுக்கென்றே தனியாக 4 சதுர மில்லி செம்பு வயர், அதன் தலையில் 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்), அதற்கு மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்). ஓவனுக்கான ஸ்விட்ச் பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில். ஓவனுக்கு நேர் பின்னால் பிளக் பாயின்ட் வைத்தால் ஓவன் முழுதாக உள்ளே போகாது, அவசரத்துக்குப் பிளக்கைப் பிடுங்கவும் முடியாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரச் சொல்லி சாக்கெட்டின் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறித் திருகு தளரும். எரிந்துபோன பாயின்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் தளர்ந்த திருகுதான் குற்றவாளி.

அதற்கும் முன்னால் ஈபி பில்லில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். ஏசி, கீசர், ஓவன் மூன்றும் சேர்ந்தால் அந்த எண்ணைத் தாண்டிவிடும் என்றால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஒற்றை ஃபேஸ் இணைப்பு மூன்று ஃபேஸாக மாறவும் வேண்டிவரலாம். வாடகைக்கு இருப்பவர் இதை வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிட வேண்டும், ஓவன் வந்து இறங்கிய பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

எர்த் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. ஓவன் முழுக்க உலோகம், ஈரக் கையோடு தொடுகிற பொருள். மல்டிமீட்டர் வைத்து எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 காட்டினால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. 20, 30 என்று காட்டினால் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது. கடலோரத் தெருக்களில் இது அதிகம். மண்ணில் உப்பு, புதைத்த இரும்புக் குழாய் சில வருடங்களில் துருப்பிடித்துத் தின்று போயிருக்கும்.

லோ வோல்டேஜையும் கணக்கில் வையுங்கள். வோல்ட் குறைந்தால் சூடு அதே விகிதத்தில் குறையாது, இன்னும் அதிகமாகக் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் 3,000 வாட் ஓவன் 2,050 வாட்தான் கொடுக்கும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். கோடை இரவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது 15 நிமிடத்தில் சூடாகும் ஓவன் 25 நிமிடம் எடுப்பது இதனால்தான். கடிகாரத்தைப் பார்த்து மாவை உள்ளே தள்ளாதீர்கள், ஓவனின் சூடேறும் விளக்கு அணைந்த பிறகு தள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஓவனை இழுக்காது. அடுப்பங்கரை பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் வரும் ஒரு வினோதத்தையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்த ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி டிரிப் ஆகும், தூக்கிவிட்டால் மறுபடி டிரிப் ஆகும். காயிலுக்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான பொடி வழியாகக் கரண்ட் ஓவனின் உடம்புக்குக் கசிகிறது, ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. "இதை எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம் சார்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடுங்கள். சர்வீஸ்காரர் வந்து காயிலைச் சோதித்து உலர்த்தித் தருவார், உலராவிட்டால் மாற்றுவார். மழை நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் வெறும் ஓவனை ஓடவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேஸ் என்றால் பார்க்க வேண்டியவை

வயர் சரியில்லை, வீட்டுக்காரர் சுவரைத் தொட விடமாட்டார் என்றால் கேஸ் பக்கம் மனம் போவது இயல்பு. ஆனால் பில்ட்-இன் கேஸ் ஓவன் நம் சந்தையில் குறைவு. நாலு பர்னர் மேலே, ஓவன் கீழே என்று தரையில் நிற்கும் குக்கிங் ரேஞ்சுதான் அதிகம் கிடைக்கும். பில்ட்-இன் கேஸ் கிடைத்தால் முதல் கேள்வி ஜெட், அதாவது பர்னருக்கு கேஸ் விடும் சிறு துளைத் திருகு, பற்றி: எந்த கேஸுக்கு அமைத்தது? நம் சிலிண்டர் ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் எல்பிஜி தருகிறது. வெளிநாட்டு மாடல்கள் சில பைப்பில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு ஜெட் போட்டு வரும். அந்த ஜெட்டின் துளை பெரியது. அதில் எல்பிஜி விட்டால் தீ நீளமாக, மஞ்சளாக எரிந்து ஓவனைக் கரியாக்கும். எல்பிஜி ஜெட்டில் பைப் கேஸ் விட்டால் தீ கண்ணுக்கே தெரியாத அளவு சிறுக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்துவிட்டது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பைப் கேஸ் இணைப்பு தரும் வேலையை டோரண்ட் கேஸ் நிறுவனம் செய்கிறது. உங்கள் தெருவுக்கு நாளை குழாய் வந்தால், அடுப்பின் ஜெட்டை மாற்றித் தருகிறவர் ஓவனையும் மாற்றுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓவனில் பர்னர் ஜெட், கிரில் ஜெட், சிறுதீயை அமைக்கும் திருகு மூன்றையும் மாற்றியமைக்க வேண்டும். மூன்றாவதை மறந்துவிட்டால், சூட்டைக் குறைக்கும்போதெல்லாம் தீ அணையும். மாற்று ஜெட் பெட்டியோடு வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

ரப்பர் டியூபை ஓவனின் பின்பக்கமாக ஓட்டக் கூடாது. அது சூடான இடம். டியூப் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே சிலிண்டரில் அடுப்பும் ஓவனும் என்றால் கடையில் கிடைக்கும் 'T' வடிவப் பித்தளை இணைப்பைச் செருகிவிடாமல், கேஸ் ஏஜென்சியிடம் சொல்லிச் செம்புக் குழாயில் தனித்தனி வால்வோடு போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு முடிந்ததும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி கட்டினால் கசிவு. கசிவுக்கான அவசர எண் 1906.

சிலிண்டர் நிற்கும் அலமாரிக்குத் தரையை ஒட்டிக் காற்றுத் துளை வேண்டும். கசிந்த எல்பிஜி கீழேதான் இறங்கும், மேலே வைத்த காற்றுத் துளை அதற்கு உதவாது. அடுப்பங்கரையில் ஏசி போட்டு, ஜன்னலை மூடி, ஹால் கதவையும் சாத்தும் வீட்டில் கேஸ் ஓவனை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு மணி நேரம் மூடிய அறையில் எரியும் தீ அது. ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஜன்னலே இல்லாத அடுப்பங்கரைகள் இன்னும் உண்டு, அங்கும் அதே பதில்.

கரண்ட் போனால் கேஸ் ஓவன் எரியுமே என்று சொல்வார்கள். ஸ்பார்க், விளக்கு, டைமர், ஃபேன் எல்லாமே கரண்டில்தான். சில மாடலில் தீக்குச்சியால் பற்றவைக்கலாம், ஃபேன் உள்ள சில மாடலில் ஃபேன் நின்றால் கேஸும் நின்றுவிடும். அந்த ஒரு காரணத்துக்காக கேஸ் வாங்குகிறீர்கள் என்றால், தீக்குச்சியில் பற்றுமா என்று கையேட்டைப் புரட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேடையும் கடப்பாவும்

மாடுலர் கிச்சன் போட்ட வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். மற்றவர்கள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஓவன் உடம்புக்கு உள்ளளவாக 56 சென்டிமீட்டர் அகலம், 60 உயரம், 56 ஆழம் வேண்டும். கடப்பாக் கல்லை ஒன்றரை அடிக்கு ஒன்று நட்ட மேடையில் இது நுழையாது. இரண்டடி இடைவெளி என்றால் நுழையும், ஆனால் கடப்பா நேராக நிற்கிறது என்று நம்பாதீர்கள். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதைக் கணக்கில் வையுங்கள். நடுக்கல்லை எடுத்துவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். அந்தக் கல்தான் கிரானைட்டைத் தாங்கி நிற்கிறது. எடுத்தால் மாற்று இரும்புச் சட்டம் வைத்த பிறகே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் கிரைண்டரை வைக்கும்போது கிரானைட்டில் கோடு விழும்.

மேடையின் ஆழத்தையும் பாருங்கள். 24 அங்குல மேடை என்றால் 61 சென்டிமீட்டர், பின்னால் காற்றுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மிஞ்சும். பழைய 22 அங்குல மேடையில் ஓவன் சுவரை முட்டும். சூடு போக வழியில்லாமல் முகப்பின் திருகுகள் கைசுடும், குளிரூட்டும் ஃபேன் நிற்காமல் ஓடும். கரண்ட் ஓவனை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒரு ஃபேன் ஓடுவது சரியான வேலைதான், அது முகப்பையும் சர்க்யூட்டையும் ஆற்றுகிறது. ஓடி முடியும்வரை மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

கதவு கீழ்நோக்கித் திறக்கும், முன்னால் ஒன்றரை அடி வரும். அதற்கு முன்னால் சூடான தட்டோடு ஒருவர் நிற்க இன்னும் இரண்டடி. எதிர்ச்சுவர் மூன்றடியில் இருந்தால் பக்கவாட்டில் நின்றுதான் தட்டை எடுக்க வேண்டியிருக்கும். முழங்கை கதவில் படும், சுடும். அலமாரிப் பலகைக்குத் துகள் பலகையோ, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்போ வேண்டாம். ஓவன் உட்காரும் தட்டு, கொதிநீரையும் தாங்கும் 19 மில்லி பிடபிள்யூபி பிளைவுட்டாக இருக்கட்டும், பின்பலகையே வேண்டாம், திறந்து விடுங்கள். பக்கத் திருகுகளைப் போட மறக்கக் கூடாது. போடாமல் விட்ட ஓவன், திறந்த கதவில் கனமான தட்டை வைத்ததும் முன்னால் சாயும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர், கொளத்தூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஓவனை மேடைக்குக் கீழே வைக்கவே வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்குச் சுவரில் கறை இருக்கும். அதற்கு மேலே உயர அலமாரியில் வையுங்கள். தண்ணீர் புகுந்த கரண்ட் ஓவனில் சர்க்யூட், ஃபேன் மோட்டார், காயில் மூன்றும் போகும், ரிப்பேர் செலவு புதிய விலையைத் தொட்டுவிடும். கேஸ் ஓவனில் பர்னரைக் கழற்றிக் கழுவலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வால்வும்தான் சந்தேகம். கடற்காற்று அடிக்கும் தெருக்களில் முதலில் துருப்பிடிப்பது கதவுக் கீல், அடுத்து பர்னரின் துளைகள். பர்னரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துளைகளைக் காய்ந்த பிரஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தீ தாறுமாறாகும்.

வயரும் லோடும் சரியாக இருக்கிற வீட்டில், எங்கள் ஓட்டு வட்டக் காயில் உள்ள கரண்ட் ஓவனுக்குத்தான். காற்றோட்டமான அடுப்பங்கரை, பெரும்பாலும் பன், ரொட்டி, கோழி, அடிக்கடி லோ வோல்டேஜ் என்றால் கேஸ். இரண்டு வருடத்தில் வீடு மாறப் போகிறவர் பில்ட்-இன் பேச்சையே விட்டு, நல்ல 40, 45 லிட்டர் ஓடிஜி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். 2,000 வாட்டுக்குள் அடங்கும், பெரிய பிளக்கும் நல்ல வயரும் இருந்தால் போதும், மூட்டை கட்டி எடுத்துப் போகலாம்.

எதை வாங்கினாலும் முதல் நாள் கேக் போடாதீர்கள். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெறுமனே ஓடவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், தொழிற்சாலை எண்ணெயும் காப்புப் பஞ்சின் நெடியும் போகட்டும். அடுத்தது, கடைப் பாக்கெட் ரொட்டியில் ஒன்பது துண்டு எடுத்து, கம்பித் தட்டில் மூன்று வரிசையாக அடுக்கி, நடு அடுக்கில் 180 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்து அதே வரிசையில் மேஜையில் பரப்புங்கள். பின்பக்க இடது துண்டு கருத்து, முன்வரிசை வெளிறி இருந்தால் உங்கள் ஓவனின் சூடு எங்கே இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஒன்பதும் வெளிறியிருந்தால் தெர்மோஸ்டாட் சொல்வதைவிடச் சூடு குறைவு. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டு எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்த்து, அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். 15 டிகிரிவரை வித்தியாசம் என்றால் திருகை அதற்கேற்பத் திருப்பினால் போதும். 30க்கு மேல் என்றால் வாரண்டி முடிவதற்குள் சர்வீஸுக்கு போன் போடுங்கள், அந்த ஒன்பது ரொட்டித் துண்டின் போட்டோவையும் எடுத்து வைத்துக்கொண்டு.